வலது பக்கம் திரும்பாத பஸ்

போன வருஷம் மாசி மாதம் நடந்தது இது. பாதி, கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் நடந்தது. மீதி, சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையில் நடந்தது.

நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீடியோ கேம் பற்றி எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம், அது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது நாங்கள் போடும் செய்திதான்.

என் மனைவியின் தம்பி சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, கல்லூரியில் கூடப் படித்த ஒருவனோடு சேர்ந்து சிதம்பரத்தில் கேம் செய்ய உட்கார்ந்தான். கூட்டாளி பரங்கிப்பேட்டைக்காரன். மச்சான் புரோகிராம் எழுதுவான். கூட்டாளி படம் வரைவான், குரல் கொடுப்பான். இந்தச் சேதி வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "படிக்கிறப்பவும் வெளையாடுனான், வேலைக்கு போறப்பவும் வெளையாடுனான். இப்ப வெளையாட்டே வேலயாம்."

கேம் இதுதான். நீங்கள் ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டர். கடலூர் முதுநகரில் கிளம்பி சிதம்பரம் போய்ச் சேர வேண்டும். ஓட்டுவது உங்கள் வேலை இல்லை, அதற்கு டிரைவர் இருக்கிறார். யார் ஏறினார்கள், யார் டிக்கெட் வாங்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யாரை எந்த நிறுத்தத்தில் இறக்க வேண்டும் என்பதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, கிளப்ப வேண்டிய நேரத்தில் கிளப்ப வேண்டும். திரையின் அடியில் இரண்டே பொத்தான்கள். ஒன்று, கிளப்புவதற்கு 'ரைட்'. மற்றது, நிறுத்துவதற்கு 'ஹோல்டான்'. படியில் ஒருவர் கால் வைத்துக்கொண்டிருக்கும்போது 'ரைட்' கொடுத்துவிட்டால் பஸ்ஸே சேர்ந்து உங்களைத் திட்டும். தப்பு ஜாஸ்தியானால் முதலாளி போனில் வந்து, "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்பா" என்பார். அதோடு ஆட்டம் முடிந்தது.

தமிழ் வாசகங்களைத் திருத்திக் கொடுத்தது நான். வெளிநாட்டுக்காரர்களும் ஆட வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலும் ஒரு வடிவம் இருந்தது. அதை மச்சான் பார்த்துக்கொண்டான். நானும் ஒரு பார்வை பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

டெமோ என்றால் என்ன என்று பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் வாங்கியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வியாபாரி பழத்தை அறுத்து ஒரு சுளையை எடுத்து நீட்டுவார். அது இனித்தால் பழம் வீட்டுக்கு வரும். சப்பென்று இருந்தால், உள்ளே மீதியெல்லாம் தேனாகவே இருந்தாலும் நாம் நடையைக் கட்டிவிடுவோம். கேமிலும் அப்படித்தான். முழுசாக வெளியாவதற்கு முன்னால் முதல் கட்டத்தை மட்டும் இலவசமாக ஆடக் கொடுப்பார்கள். இவர்கள் கொடுத்தது முதுநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை.

அந்த மாசியில், கேம் விற்கும் ஒரு பெரிய இணையக் கடை, வெளிவரப்போகும் கேம்களின் டெமோக்களை மாதக் கடைசி வரை வரிசையாகப் பார்வைக்கு வைத்திருந்தது. பிடித்தவர்கள் ஒரு பொத்தானை அழுத்தி வைத்தால், கேம் வெளியானதும் கடை அவர்களுக்குச் சொல்லி அனுப்பும். நிறையப் பேர் அழுத்திய கேம் கடை வாசலுக்கு வரும். அழுத்தாதது கொல்லைப்புறம் போய்விடும். தெருவுக்கு ஆயிரம் கடை இருக்கிற ஊரில் கொல்லைப்புறத்துக்கு யார் வருவார்கள்?

இதில் ஒருவனுடைய போக்கே அடங்கியிருந்தது. கூட்டாளியின் அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா, அம்மாவை உம்மா என்பார்கள். காக்கா தம்பிக்கு அங்கே ஒரு வேலை பார்த்து, விசாவும் வாங்கி அனுப்பிவிட்டார். டெமோ எடுபட்டால் இங்கே இருப்பது, எடுபடாவிட்டால் விமானம் ஏறுவது என்று தன் உம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தான் அவன். அவன் போய்விட்டால் கேமில் படமும் இல்லை, குரலும் இல்லை. மச்சான் தனியாக உட்கார்ந்து, பஸ்ஸுக்குப் பதில் திரையில் வெறும் கட்டத்தை உருட்ட வேண்டியதுதான்.

டெமோ வெளியாகும் முன்பு உள்ளூரில் பலரிடம் கொடுத்து ஆடச் சொன்னார்கள். நானும் ஆடினேன். முதல் முறையே ஆலப்பாக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன். கல்லூரி ஜூனியர்கள் ஆடினார்கள், மருந்துக் கடைக்காரர் ஆடினார், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆடினார்கள். எல்லோருக்கும் பிடித்தது. மீன் கூடையை எங்கே வைப்பது என்று சண்டை போடும் அம்மாவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் போனில் சொன்னான். "மாமா, ஒருத்தருகூட ஒரு கொறயும் சொல்லல."

பத்திரிகை வேலையில் இருப்பவனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டவுடன் சந்தேகம்தான் வரும். ஆனால் நானும் குறை ஒன்றும் காணாதவன்தானே, பேசாமல் இருந்துவிட்டேன்.

டெமோ வெளியானது. கருத்துகள் வரத் தொடங்கின. தமிழ்நாட்டிலிருந்து வந்தவை தட்டிக்கொடுத்தன. ஆனால் அவை கொஞ்சம். மற்ற நாடுகளிலிருந்து வந்தவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றையே வேறு வேறு விதமாகச் சொல்லின: உங்கள் 'ரைட்' வேலை செய்யவில்லை.

இரண்டு பேரும் அந்தப் பொத்தானைச் சோதித்தார்கள். அறையில் இருந்த கம்ப்யூட்டரில், ஜூனியர்களின் லேப்டாப்பில், தெரிந்தவர் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் இருந்த பழைய பெட்டியில். எல்லாவற்றிலும் 'ரைட்' பிரமாதமாக வேலை செய்தது. அழுத்தினால் பஸ் கிளம்பியது. வேறு என்ன செய்ய வேண்டும்?

அதற்குள் இன்னும் தெளிவாக ஒருவர் எழுதியிருந்தார். பஸ் வலது பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது.

"இதான் விசயம் மாமா," என்றான் மச்சான். "அவுங்களுக்கு பஸ்ஸ ஓட்டணுமாம். சும்மா கண்டக்டரா நின்னா போர் அடிக்குதாம்."

ஆடியவர்கள் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்று இருவரும் இரவு பகலாக உட்கார்ந்து பஸ்ஸுக்கு ஸ்டியரிங் வைத்தார்கள். கேமின் அழகே கண்டக்டர் கூட்டத்துக்குள் புகுந்து புறப்படுவதுதான். இப்போது அவர் பாதி நேரம் டிரைவர் சீட்டில் இருந்தார். புதிய வடிவத்தைப் போட்ட அன்று, டீக்கடையில் ஆடிப் பார்த்த ஒரு ஜூனியர் பையன் நிமிர்ந்து கேட்டானாம். "கண்டக்டரு எதுக்குண்ணா ஸ்டியரிங்க புடிக்கிறாரு? டிரைவரு டீ குடிக்க போய்ட்டாரா?"

வெளிநாட்டுக்காரர்களுக்கும் அது பிடிக்கவில்லை. முன்பு ஒரு குழப்பம் இருந்தது, இப்போது இரண்டு. கூடவே வேறு யோசனைகளும் வந்து குவிந்தன. பஸ்ஸில் துப்பாக்கிச் சண்டை வைக்கச் சொன்னார் ஒருவர். பயணிகளைப் பேய்களாக மாற்றச் சொன்னார் இன்னொருவர். கூட்டாளி அதையும் யோசித்துப் பார்த்தான் என்று பிற்பாடு தெரிந்தது. முதுநகரில் ஏறும் ஒரு பேயை வரைந்துகூட வைத்திருந்தான். பேய் லுங்கி கட்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் என் மனைவிக்குப் போன் செய்தான். என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு லீவுதான உங்களுக்கு? போய் அவன பாத்துட்டு வாங்க."

"நான் போய் என்னா பண்ணப் போறேன்? எனக்கு அதுல என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதவரு பேசுனா அவனுக்கு கொஞ்சம் தெம்பா இருக்கும்."

மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில், புதுச்சேரியிலிருந்து வந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏறிவிட்டேன் என்று மச்சானுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அவனும் பதில் போட்டான். அப்போது அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு முன் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. புதுச்சேரியில் ஏறியிருக்க வேண்டும். இருவருக்கும் ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அந்தம்மா மல்லிகைப்பூ வைத்திருந்தார். அவர் மடியில் பை, பையின் மேல் நடராஜர் கோயில் படம் போட்ட புத்தகம். ஊருக்குப் புதிது என்பது, ஜன்னல் கம்பியை எத்தனை சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கையை வைத்தார்கள் என்பதிலேயே தெரிந்தது.

முதுநகர் வந்தது. கண்டக்டர் பின்படியிலிருந்து குரல் கொடுத்தார். "ஹோல்டா...ன்."

முன் இருக்கையில் இருந்த இருவரும் சட்டென்று எதிரே இருந்த கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தார்கள்.

பஸ் மெதுவாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையை எடுக்கலாமா என்று தெரியவில்லை. அந்தம்மா ஒரு கையை எடுத்தார், கணவர் எடுக்கவில்லை.

நான் அதைப் பார்த்தேன், ஆனால் விளங்கவில்லை. பயந்தவர்கள் என்று நினைத்தேன்.

ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்டு... ரைட்டு," என்றார். இருவர் தலையும் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பியது. வலது பக்கத்தில் ஒரு பழைய டயர் கடை. அந்தம்மா கைப்பேசியை எடுத்து அந்த டயர் கடையை ஒரு படம் எடுத்தார். கணவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, நன்றி சொல்வதுபோல் தலையை அசைத்தார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்குத் தானும் தலையை அசைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இவர்களுக்கு டயர் கடையில் என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். டயர்தான் இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் "ஹோல்டான்" என்றதும் மறுபடியும் கம்பியைப் பிடித்தார்கள். "ரைட்டு" என்றதும் மறுபடியும் வலது பக்கம் பார்த்தார்கள். இந்த முறை ஒரு புளியமரம். அந்தம்மா அதையும் படம் எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்டக்டர் 'கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று எச்சரிப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். பிறகு 'வலது பக்கம் பாருங்கள்' என்று ஊரைச் சுற்றிக் காட்டுவதாக நினைக்கிறார்கள். அவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. அவர்கள் மொழியில் அந்தச் சொற்களுக்கு அதுதான் பொருள். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சாலையில் பஸ் ஏறுகிறேன். 'ரைட்' என்றால் வலது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் அந்தச் சொல் என் காதில் ஒரு தடவைகூட வலது என்று விழுந்ததில்லை. கிளம்பு என்றுதான் விழுந்திருக்கிறது.

இறங்கி மச்சானிடம் ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் பஸ் ஆலப்பாக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து அந்த இருவரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

ஆலப்பாக்கத்தில் கண்டக்டர் "ஹோல்டான்" என்றார். கணவர் கம்பியைப் பிடித்தார். அந்தம்மா பிடிக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பஸ் நிற்பதைக் கவனித்தார். "ரைட்டு" என்றதும் அவர் தலை திரும்பப் போய், பாதியில் நின்றது. பஸ் நகர்வதைக் கவனித்தார். புதுச்சத்திரத்தில் அவர் உதடு அசைந்தது. பி.முட்லூரில், கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தம்மா மெல்லச் சொன்னார். "ரைட்டு."

பஸ் கிளம்பியது. தன் சொல்லைக் கேட்டுத்தான் பஸ் கிளம்பியதுபோல் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பூக்கார அம்மா சிரித்துக்கொண்டே, "வேலைக்கி ஆளு கெடச்சிருச்சிப்பா ஒனக்கு," என்று கண்டக்டரைப் பார்த்துச் சொன்னார்.

அவர்களுக்கு யாரும் ஒன்றும் விளக்கவில்லை. பஸ்ஸே விளக்கிவிட்டது. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது நான் அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாடி அறையில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். கூட்டாளி தான் வரைந்ததையெல்லாம் மச்சானின் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகிறவன் சாவிக்கொத்தை ஒப்படைப்பதுபோல் இருந்தது.

"வாங்க மாமா. டிக்கெட் போட சொல்லிட்டாங்க காக்கா," என்றான். குரலில் வருத்தம் தெரியாமல் பார்த்துக்கொண்டான்.

"அது இருக்கட்டும். யாராவது இத ஆடுறத நேர்ல பாத்த மாதிரி வீடியோ இருக்குதா? வெளிநாட்டுக்காரங்க ஆடுறது."

இருந்தது. கேம் ஆடிக்கொண்டே பேசி, அதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு பெண் இந்த டெமோவை ஆடியிருந்தாள். மச்சான் அதைப் பலமுறை பார்த்து மனம் நொந்து போயிருந்தான். "இது வேணாம் மாமா. அந்தப் பொண்ணு நம்மள காறித் துப்பாத கொறை."

"போடு."

அந்தப் பெண் முதுநகரில் நிற்கிறாள். ஆட்கள் ஏறுகிறார்கள். சாலை வலது பக்கம் வளைகிறது. அவள் 'ரைட்' என்ற பொத்தானை அழுத்துகிறாள். படியில் ஒரு பெரியவர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் பாய்ந்து கிளம்புகிறது. எல்லோரும் திட்டுகிறார்கள். அவள் பதறிப்போய் 'ஹோல்டான்' பொத்தானை அழுத்துகிறாள். அழுத்தியவள் விரலை எடுக்கவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். விரலை எடுத்தால்தான் பஸ் நிற்கும். கண்டக்டர் விசில் சத்தம் மட்டும் நீளமாகக் கேட்கிறது, நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. கடைசியில் முதலாளி போனில் வருகிறார்.

"நிறுத்து. ஏன் அந்தப் பொண்ணு கைய எடுக்கல?"

"மௌஸு மாட்டிக்கிச்சுன்னு நெனைக்கிறோம் மாமா," என்றான் மச்சான்.

"அந்தப் பட்டன்ல என்னா எழுதியிருக்கு? கண்டக்டரு மாதிரி படிக்காத. இங்கிலீஷ் வாத்தியாரு மாதிரி படி."

மச்சான் திரையைப் பார்த்தான். உதட்டை அசைத்துப் படித்தான். ஹோல்ட் ஆன். பிடித்துக்கொண்டிரு. பிறகு மற்றப் பொத்தானைப் பார்த்தான். வலது. மூலையிலிருந்த கூட்டாளிதான் முதலில் சிரித்தான். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான்.

"அடப்பாவி மாப்ள. பிடின்னு நாமளே எழுதி வச்சிட்டு, ஏன் புடிச்சேன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

"ரைட்டுன்னா என்னான்னு யாருக்குடா தெரியாதுன்னு நெனச்சேன்," என்றான் மச்சான்.

பஸ்ஸில் பார்த்ததை அப்போதுதான் சொன்னேன். டயர் கடையைப் படம் எடுத்ததைச் சொன்னபோது கூட்டாளி இன்னொரு முறை தரைக்குப் போனான்.

சிரித்து ஓய்ந்ததும் சண்டை வந்தது. கூட்டாளி சுலபமான வழியைச் சொன்னான். ஆங்கிலத்தில் 'கோ', 'ஸ்டாப்' என்று போட்டுவிட்டால் உலகத்துக்கே புரியும்.

"போட்டா அது எந்த ஊரு பஸ்ஸுடா?" என்றான் மச்சான்.

"எந்த ஊரு பஸ்ஸா இருந்தா என்னா? நின்னா சரி."

"ரெண்டு வருசமா இந்த ஊரு பஸ்ஸுதான் பண்றோம்னு சொன்னவன் நீ. மீன் கூடைக்கி மூணு நாளு படம் வரைஞ்சவன் நீ."

"அது வேலைக்கி ஆவலியேடா. அதான ஷார்ஜாவுக்கு போறேன்."

எனக்குப் பி.முட்லூரில் அந்தம்மா சொன்ன 'ரைட்டு' காதில் இருந்தது. அவர் 'ரைட்' என்று ஆங்கிலமாகச் சொல்லவில்லை. கண்டக்டர் சொன்ன மாதிரியே 'ரைட்டு' என்று சொன்னார். வலது என்ற பொருளை அவர் அந்த இடத்தில் கழற்றி வைத்துவிட்டார். அது அவருக்குத் தெரிந்த சொல்லாக இல்லாமல், புதிதாகக் கற்றுக்கொண்ட சொல்லாக ஆகிவிட்டது.

மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தேன். காலையில் மச்சான் போட்ட பதில் திரையில் இருந்தது. எல்லோரையும்போல் அவனும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவான். ஆர், ஏ, ஐ, டி, டி, யூ. ரைட்டு மாமா.

கைப்பேசியை அவனிடம் நீட்டினேன். "இத ஏன் பட்டன்ல இப்பிடி எழுதல?"

அவன் பார்த்தான். "மொதல்ல அப்பிடித்தான் எழுதுனேன் மாமா. ரைட்டு, ஹோல்டான், ரெண்டும் வாயில வர்ற மாதிரியே. கம்ப்யூட்டரு செவப்புக் கோடு போட்டுச்சு. ஸ்பெல்லிங் தப்புன்னு திருத்திட்டேன்."

"தப்பில்ல. அது இங்கிலீஷ் சொல்லே இல்ல. எப்பவோ நம்ம ஊருக்கு வந்து, தமிழாயிடுச்சு. தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டா அவன் இங்கிலீஷாத்தான படிப்பான்?"

கூட்டாளி எழுந்து வந்து கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். தன் நாற்காலியை இழுத்து மச்சான் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

அன்று பிற்பகலிலேயே ஸ்டியரிங்கைக் கழற்றிப் போட்டார்கள். லுங்கி கட்டிய பேயை அழித்தார்கள். பொத்தான்களில் வாயில் வருகிற மாதிரியே எழுத்தை மாற்றினார்கள். பஸ்ஸில் அந்தம்மா கற்றுக்கொண்ட முறையையே கேமில் வைத்தார்கள். முதல் இரண்டு நிறுத்தத்தில் ஆடுகிறவருக்கு வேலை இல்லை. 'ஹோல்டான்' என்று கூட்டாளியின் குரல் கேட்கும், பஸ் நிற்கும். 'ரைட்டு' என்று கேட்கும், பஸ் கிளம்பும். மூன்றாவது நிறுத்தத்தில் குரல் வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். விளக்கம் என்று ஒரு வரி கிடையாது.

டெமோக்கள் பார்வையில் இருக்கும் கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. மச்சான் அந்த வீடியோ போட்ட பெண்ணுக்கு ஒரு கடிதம் அனுப்பினான். நாங்கள் ஒரு சொல்லைத் தவறாக எழுதிவிட்டோம், இன்னொரு தடவை ஆடிப் பாருங்கள் என்று மட்டும் எழுதினான்.

அவள் ஆடினாள். நான் அலுவலகத்தில், பக்கம் முடிக்கிற அவசரத்துக்கு நடுவில் அந்த வீடியோவைப் பார்த்தேன். முதல் நிறுத்தத்தில் பொத்தானில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள், புருவத்தைச் சுருக்கினாள். இரண்டாவது நிறுத்தத்தில் காதைத் தீட்டிக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கிழவி இறங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, பொத்தானை அழுத்தியதோடு நிற்காமல் வாயாலும் சொன்னாள். "ரைட்டு." அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மீன்காரம்மாவோடு சண்டை போட்டாள், டிக்கெட் வாங்காதவனை ஆலப்பாக்கத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். ஆட்டம் முடிந்தபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவள் வழக்கமாகச் சொல்லும் விடைபெறும் சொல்லைச் சொல்லவில்லை. "ரைட்டு," என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள்.

அதன் பிறகு வந்த கருத்துகளை மச்சான் போனில் வாசித்துக் காட்டினான். பாதிக்குப் பாதி ஒரே சொல்தான். பிரேசிலிலிருந்து ஒருவர், போலந்திலிருந்து ஒருவர், எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களிலிருந்து சிலர், எல்லோரும் ஆங்கில எழுத்தில் 'ரைட்டு' என்று எழுதியிருந்தார்கள். கெடு முடிவதற்கு முன்பே முதுநகர் பஸ் அந்தக் கடையின் வாசலுக்கு வந்து நின்றது.

நான் உடனே கூட்டாளியைப் பற்றிக் கேட்டேன். அவன்தான் பக்கத்தில் இருந்தானே, போனை வாங்கினான்.

"காக்காவுக்கு மெசேஜ் போட்டேன் மாமா. வெறும் 'ஹோல்டான்'னு மட்டும் போட்டேன்."

"அவரு என்னா சொன்னாரு?"

"ரூம்ல இருக்கிற மலையாளத்து ஆளு, வங்காளத்து ஆளு எல்லாரையும் கூட்டி வச்சி டெமோவ ஆடிப் பாத்திருக்காங்க. ரெண்டு மணி நேரம் பதிலே வரல. அப்பறம் ஒரே ஒரு வார்த்தைதான் வந்துச்சி."

அது என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போனில் இரண்டு பேரும் சிரித்தோம்.

கேம் ஐப்பசியில் முழுசாக வெளிவந்தது. மாடி அறையில் இப்போது உட்கார இடமில்லை, ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அடுத்தது நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர். அதற்கும் டெமோ உண்டு. ஆனால் இம்முறை ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பாராட்டுவதைக் கேட்டுக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள், டீ வாங்கித் தருவார்கள். வெளியூர்க்காரர்கள் குறை சொன்னால், அவர்கள் சொல்கிற மாற்றத்தை அன்றே செய்துவிடுவதில்லை. முதலில் அவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று ஆடுகிறவர்கள் சரியாகத்தான் காட்டுகிறார்கள். என்ன மருந்து என்று அவர்களிடம் கேட்டால்தான் கண்டக்டர் கையில் ஸ்டியரிங் வந்துவிடுகிறது.

என் வேலையிலும் ஒன்று மாறியிருக்கிறது. வாசகர் ஒருவர் செய்தி புரியவில்லை என்று எழுதினால், முன்பெல்லாம் அவர் சரியாகப் படிக்கவில்லை என்று நினைப்பேன். இப்போது அந்தச் செய்தியை எடுத்து, ஊருக்குப் புதிதாக வந்தவர் படிப்பதுபோல் படித்துப் பார்க்கிறேன். அநேகமாக எங்கேயோ ஒரு 'ரைட்' கிடைக்கிறது.

இன்றும் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் "ரைட்டு" என்றால், நான் ஒரு தரம் வலது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நாற்பது வருஷமாக என் கண்ணில் படாத எத்தனையோ அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.